தொண்டை வலிக்கு எந்த மாத்திரை? ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது. மூன்று நாளாகத் தொண்டை வலி. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வருகிறது. காய்ச்சல் இல்லை. வீட்டு மருந்துப் பெட்டியில் பாராசிட்டமால் 650, ஐபுபுரோஃபென் 400, தண்ணீரில் கரையும் ஆஸ்பிரின், போன முறை கடையில் சிறு காகித உறையில் போட்டுக் கொடுத்த 'செட்' மாத்திரை ஆகியவை இருக்கின்றன. இப்போது எட்டு வயது மகனுக்கும் அதே வலி, கூடவே காய்ச்சல். 22 கிலோ எடை. அம்மாவுக்கும் தொற்றிவிட்டது, அவருக்கு 66 வயது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, இதயத்துக்காகத் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் எடுக்கிறார். இவற்றில் எந்த மாத்திரைக்குத் தொண்டை வலி நன்றாகக் கேட்கும்?

வலியில் இருக்கிறவருக்கு முதலில் விடையைத் தந்துவிடுகிறேன். உங்களுக்கு ஐபுபுரோஃபென் எடுக்கலாம். மகனுக்குப் பாராசிட்டமால் மட்டும். அம்மாவுக்கும் பாராசிட்டமால் மட்டும். அவருடைய 75 மி.கி. ஆஸ்பிரின் வழக்கம்போலத் தொடரட்டும், அதை நிறுத்தக் கூடாது. கரையும் ஆஸ்பிரினை இந்த வலிக்காக மூவரில் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அந்தக் காகித உறையை மட்டும் இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள். இனி இதற்கான காரணங்கள். காரணம் தெரிந்தால் அடுத்த முறை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 27 ஆண்டுகளாக மருந்துக் கடையில் நிற்கிறேன். "எது ஸ்ட்ராங்கான மாத்திரை?" என்று கேட்காதவர்கள் குறைவு. யாருடைய உடம்புக்குள் போகிறது என்பதை வைத்துத்தான் மாத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொண்டையில் வைரஸ் புகுந்தவுடன் அந்த இடத்துத் திசு பிராடிகைனின், புரோஸ்டாகிளான்டின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அவை இரத்தக் குழாய்களை விரிக்கின்றன, அந்த இடத்தை வீங்க வைக்கின்றன, நரம்பு முனைகளைக் கூச வைக்கின்றன. சாதாரண நாளில் உணராமலே விழுங்கும் எச்சில் அப்போது முள்ளாகக் குத்துவது இதனால்தான். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் புரோஸ்டாகிளான்டின் உருவாவதையே தடுக்கின்றன. இதை 1971-இல் லண்டனில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜான் வேன். அதற்காக 1982-இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899-இல். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அதை எப்படி வேலை செய்கிறது என்று அறியாமலே விழுங்கிக்கொண்டிருந்தது.

இதே புரோஸ்டாகிளான்டின் தொண்டையில் வலியைத் தந்தாலும் வயிற்றில் காவல் வேலை செய்கிறது. இரைப்பையின் உள் சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். தொண்டைக்காக விழுங்கும் மாத்திரை அந்தக் காவலையும் சேர்த்தே கலைக்கிறது. வயிற்றுப்புண் உள்ளவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் ஐபுபுரோஃபென் ஏன் ஆகாது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. பாராசிட்டமாலின் வழி வேறு. அது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வலியையும் காய்ச்சலையும் தணிக்கிறது. வீக்கம் உள்ள இடத்தில் அதன் பலம் குறைவு. அதனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை.

வீங்கிச் சிவந்த தொண்டைக்கு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து கூடுதலாகக் கேட்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆய்வும் அப்படித்தான் காட்டியது. 1988-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொண்டை வலியோடு வந்த பெரியவர்களைப் பிரித்து, சிலருக்கு ஐபுபுரோஃபென் 400 மி.கி., சிலருக்குப் பாராசிட்டமால் 1000 மி.கி., சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மருந்துகளும் போலி மாத்திரையைவிட வலியைக் குறைத்தன. முதல் இரண்டு மணி நேரம் போன பிறகு ஐபுபுரோஃபென் தெளிவாக முந்தியது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பாராசிட்டமால் 1000 மி.கி. கொடுக்கப்பட்டது. நம் வீடுகளில் ஒரு வேளைக்கு எடுப்பது 500 அல்லது 650. "பாராசிட்டமால் தொண்டை வலிக்குக் கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் குறைந்த அளவில், அதுவும் ஒரே ஒரு வேளை எடுத்துவிட்டுச் சொல்கிறார்கள்.

ஆகவே தொண்டை வலியை மட்டும் பார்த்தால் ஐபுபுரோஃபெனுக்கு ஒரு மாற்று அதிகம். ஆனாலும் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் தொண்டை வலிக்காக வெளியிட்ட பரிந்துரையில், முதலில் பாராசிட்டமாலையும், விரும்பினால், உடம்புக்கு ஒத்துவந்தால் ஐபுபுரோஃபெனையும் சொன்னது. வலி குறைவதில் உள்ள வித்தியாசம் சிறியது. தவறான ஆளுக்குக் கொடுத்தால் வரும் கேடு பெரியது. இந்தக் கணக்கு நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயத் தளர்ச்சி, ஆஸ்துமா எதுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் ஐபுபுரோஃபென் 400 மி.கி. மாத்திரை ஒன்றை, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒரு நாளைக்கு மூன்றுக்கு மிகாமல் எடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடிய எல்லை 1200 மி.கி. வெறும் வயிற்றில் வேண்டாம். விழுங்கவே முடியாதவரிடம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை எடுங்கள் என்றால் எப்படி என்று கேட்பீர்கள். இட்லியும் சோறும் வேண்டாம். அரை டம்ளர் ஆறிய கஞ்சி, கூழ், மோர், பால் எதுவானாலும் போதும். அதைக் குடித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து முறையான உணவுக்கு உட்காருங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும், சாப்பாடு இறங்கும். தொண்டை வலியில் ஆட்களைக் களைத்துப்போகச் செய்வது பெரும்பாலும் நோயைவிடப் பட்டினியும் தண்ணீர் குடிக்காததும்தான். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி மாத்திரை நேரத்தை அமைத்துக்கொள்வது, மருந்தை மாற்றுவதைவிடப் பயன் தருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். இடையில் மலம் கறுத்துப் போனாலோ வயிறு எரிந்தாலோ அந்த மாத்திரையை அத்தோடு நிறுத்துங்கள்.

ஆஸ்துமாவைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு, முக்கியமாக மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ எடுத்தால் மூச்சிறைப்பு வரும். முன்பு எடுத்து ஒன்றும் ஆகாதவர் என்றால் பயமில்லை. இதுவரை எடுத்ததே இல்லை என்றால் தொண்டை வலியை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு ஐபுபுரோஃபென் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தையும், கடைசி மாதங்களில் இதயத்துக்கு அருகில் உள்ள முக்கியமான இரத்தக் குழாயையும் அது பாதிக்கும். அவர்களுக்குப் பாராசிட்டமால்தான். பாலூட்டும் தாய்மார்களுக்கு இரண்டும் சரி.

அம்மாவுக்கு ஐபுபுரோஃபென் ஏன் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வயதில், இந்த நோய்களோடு, இந்த மாத்திரையைச் சாதாரணமாக விழுங்குகிறவர்கள் நம் ஊரில் மிக அதிகம். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகளும், பல நேரங்களில் அதனோடு நீர் பிரிய ஒரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. இந்த இரண்டின் மேல் ஐபுபுரோஃபெனும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடைப்பு. சர்க்கரையால் பல ஆண்டுகளாகச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும். தொண்டை வலியால் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரண்டே நாளில் இரத்தத்தில் ஏறிவிடலாம். இரத்த அழுத்த மாத்திரையின் பலனையும் ஐபுபுரோஃபென் குறைக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. இதயத்துக்காக எடுக்கும் 75 மி.கி. ஆஸ்பிரின், இரத்தத் தட்டணுக்களில் ஓர் இடத்தில் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு, இரத்தம் உறைந்து அடைப்பாவதைத் தடுக்கிறது. அந்த இடத்தில் ஐபுபுரோஃபென் முந்திப் போய் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. சில மணி நேரத்தில் ஐபுபுரோஃபென் எழுந்து போய்விடும். அதற்குள் ஆஸ்பிரின் உடம்பிலிருந்து வெளியேறியிருக்கும். அன்றைக்கு இதயத்துக்குக் காவல் இல்லை. போதாததற்கு வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பும் இரண்டும் சேர்ந்தால் கூடும். அம்மாவுக்குப் பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்குள். மொத்தம் 2600 மி.கி.; அவருடைய வயதுக்கு இது பாதுகாப்பான அளவு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர் என்றால் மட்டும், பாராசிட்டமாலையே நாள்கணக்கில் எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பாராசிட்டமால் பாவம், அது ஒன்றும் செய்யாது என்ற எண்ணமும் தவறுதான். அளவுக்குள் இருக்கும் வரைதான் அது சாது. உடம்பு அதை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சாக மாறுகிறது. கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரலைத் தாக்கத் தொடங்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000 மி.கி. என்பது கடைசி எல்லை. மெலிந்தவர்கள், பல நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள், தினமும் மது அருந்துகிறவர்கள், காமாலை வந்தவர்கள் ஆகியோருக்கு அந்த எல்லை இன்னும் குறைவு. அளவு மீறியவருக்கு முதல் நாள் வெறும் குமட்டல் மட்டும் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் போகலாம். கல்லீரல் சேதம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல் சிஸ்டைன் என்று பெயர். முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாகக் காப்பாற்றும். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பலர் தெரியாமலேதான் அளவு மீறுகிறார்கள். பெயர்கள் ஏமாற்றுகின்றன. டோலோ, குரோசின், கால்பால் எல்லாவற்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். காம்பிஃப்ளாமில் ஐபுபுரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டும் உண்டு. ஜலதோஷத்துக்கு என்று வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. காலையில் ஜலதோஷ மாத்திரை, பகலில் டோலோ, இரவில் உடம்பு வலிக்குக் காம்பிஃப்ளாம் என்று எடுப்பவர், மூன்று வேறு மருந்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். பட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் கடையில் கேளுங்கள். படித்துச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

ஒரு மாலை இளம் தந்தை ஒருவர் மூன்று சிரப் பாட்டில்களோடு வந்தார். மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, நான்காவதாக வேறு நல்ல மருந்து வேண்டும் என்றார். மூன்று பாட்டிலின் லேபிளும் மூன்று நிறம், மூன்று பெயர். மூன்றிலும் இருந்தது பாராசிட்டமால். அன்றைக்கு அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது அடுத்த மருந்தல்ல, மருத்துவமனைதான். சரியான நேரத்தில் போனதால் குழந்தை நன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு சிரப் கேட்டு வருகிற யாரிடமும், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்காமல் நான் பாட்டிலை எடுப்பதில்லை.

உங்கள் மகனுக்கான கணக்கு இது. குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் முக்கியம். பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. 22 கிலோவுக்கு ஒரு வேளை 220 முதல் 330 மி.கி. வரை வருகிறது. உங்களிடம் உள்ள சிரப்பில் 5 மி.லி.-க்கு 250 மி.கி. என்று இருந்தால் 5 மி.லி. கொடுங்கள். 125 என்று இருந்தால் 10 மி.லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு நான்கு முறைக்குள். பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். வீட்டு ஸ்பூன் வீட்டுக்கு வீடு மாறும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.-யிலேயே 100 மி.கி. இருக்கும், அதைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும்.

மகனுக்கு ஐபுபுரோஃபென் ஏன் இப்போது வேண்டாம் என்றேன்? குழந்தைகளுக்கு அது பொதுவாகவே ஆகாத மருந்து என்பதால் அல்ல. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. என்ற அளவில் உலகெங்கும் கொடுக்கிறார்கள். அவனுக்குக் காய்ச்சல் இருக்கிறது, நாம் டெங்கு உள்ள மண்ணில் வாழ்கிறோம் என்பதுதான் காரணம். டெங்கு தொடங்கும்போது காய்ச்சல், தலைவலி, உடம்பு வலியோடு தொண்டை சிவந்து வலிப்பதும் உண்டு. முதல் இரண்டு நாளில் இது சாதாரண வைரஸா டெங்குவா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. அந்த நேரத்தில் ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் தட்டணுக்களின் வேலையையும் முடக்கி, வயிற்றையும் புண்ணாக்கினால் இரத்தக்கசிவுக்கு வழி திறக்கும். ஆஸ்பிரின் ஒரு முறை முடக்கிய தட்டணு மீள்வதில்லை. புதியவை பிறந்து நிரம்ப ஏழு முதல் பத்து நாள் ஆகும். டெங்குவுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு தொண்டை வலி என்று யார் வந்தாலும், பெரியவரோ சிறியவரோ, நான் பாராசிட்டமாலைத் தாண்டி எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. உங்களுக்கும் இடையில் காய்ச்சல் வந்தால் ஐபுபுரோஃபெனை அத்தோடு நிறுத்திவிட்டுப் பாராசிட்டமாலுக்கு மாறுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: டெங்குவில் மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறான், வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, பெரியவர்களின் தொண்டை வலிக்கு அது கேட்காது என்று சொல்ல மாட்டேன், கேட்கும். அதே பலனை இன்னும் பாதுகாப்பாகத் தருகிற இரண்டு மருந்துகள் கையில் இருக்கும்போது அதை ஏன் தொட வேண்டும்? குழந்தைகளுக்கோ அறவே கூடாது. ஃப்ளூ, சின்னம்மை போன்ற வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் எடுத்த குழந்தைகளுக்கு ரேய் நோய் என்ற, மூளையையும் கல்லீரலையும் ஒரே நேரத்தில் தாக்கும் அரிய நோய் வந்தது. பிரிட்டனில் 2002 முதல் 16 வயதுக்குக் கீழ் யாருக்கும் ஆஸ்பிரின் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். கரையும் ஆஸ்பிரினைத் தண்ணீரில் போட்டுக் கொப்பளிக்கும் பழக்கமும், தொண்டைக்கு அருகில் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் பழைய ஆட்களிடம் உண்டு. வாயில் அடக்கிய ஆஸ்பிரின் அந்த இடத்துத் தோலை வெந்துபோகச் செய்யும்.

இனி அந்தக் காகித உறை. நம் ஊர்களில் "காய்ச்சல், தொண்டை வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டால் உதிரி மாத்திரைகள் நான்கைந்தை உறையில் போட்டுத் தருவது பழகிப்போன விஷயம். நான் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதாலேயே இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. பட்டையிலிருந்து வெட்டி எடுத்த மாத்திரையில் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதி தேதி இல்லை. அதில் பெரும்பாலும் ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும். சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் தொண்டை வீக்கம் சட்டென்று குறையும், பசி எடுக்கும், தெம்பு வந்ததுபோல் இருக்கும். "அந்தக் கடை மாத்திரை கைகண்ட மருந்து" என்று பேர் வாங்குவது இப்படித்தான். உங்கள் அம்மா அதை விழுங்கினால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத மாத்திரை ஏதாவது கெடுதல் செய்தால், மருத்துவமனையில் என்ன எடுத்தீர்கள் என்று கேட்கும்போது பதிலும் இருக்காது.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நிமிசுலைடு, மெஃபெனமிக் அமிலம் எல்லாமே சட்டப்படி மருத்துவர் சீட்டுக்கு உரியவை. தொண்டை வலிக்கு இவை ஐபுபுரோஃபெனைவிட மேலானவை என்று நினைத்துத் தேடிப்போக வேண்டிய அவசியம் இல்லை. டைக்ளோஃபினாக் இதய நோயாளிகளுக்கு ஆபத்தைக் கூட்டும். நிமிசுலைடு கல்லீரலைக் கெடுக்கும் என்ற கவலையில் 2011-இல் இந்திய அரசு 12 வயதுக்குக் கீழ் அதைத் தடை செய்தது. பழைய பாட்டில் எங்காவது வீட்டில் கிடந்தால் மகனுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

ஒரு மருந்து போதாவிட்டால் இரண்டையும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். உங்களைப் போன்ற ஆரோக்கியமான பெரியவர் சேர்க்கலாம். இரண்டின் வழியும் வேறு என்பதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. முதலில் ஐபுபுரோஃபென் மட்டும் எடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் வலி தாங்கவில்லை என்றால் ஒரு பாராசிட்டமால். எடுத்த நேரத்தைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு வலியோடு எழுந்தவருக்கு எதை எப்போது எடுத்தோம் என்பது நினைவில் இருக்காது.

மாத்திரை தவிர்த்தவை. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது செலவில்லாதது, கெடுதல் இல்லாதது, மூவரும் செய்யலாம். பென்சிடமைன் கலந்த கொப்பளிக்கும் மருந்து தொண்டையைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்து வலியைக் குறைக்கும்; மாத்திரை ஆகாதவர்களுக்கு அது நல்ல துணை. சப்பும் மிட்டாய் மாத்திரைகள் எச்சிலை ஊற வைத்து ஓரளவு இதம் தரும், அவ்வளவுதான்; அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆவி பிடிப்பதை நம் வீடுகளில் விடமாட்டார்கள். 2013-இல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஆவி பிடித்தவர்களுக்குத் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. சிலருக்கு லேசாகச் சூடுபட்டதுதான் மிச்சம். எட்டு வயதுப் பையனைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். அதிமதுரத்தை என் பாட்டி ஒரு துண்டு ஒடித்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார். மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் விடுவதற்கு முன் அதிமதுர நீரால் கொப்பளித்தவர்களுக்குப் பிறகு தொண்டை வலி குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைத் தினமும் மென்று விழுங்கினால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அம்மா கொப்பளித்துத் துப்பட்டும். தேன் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கூடாது.

"மூன்று நாளுக்கு ஒரு ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடுமே" என்று யாராவது சொல்வார்கள். தொண்டை வலியில் பெரும்பங்கு வைரஸால் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு, குழந்தைகளில் 20 முதல் 30 பேருக்கு. ஆன்டிபயாடிக் எடுத்தாலும் வலி இருக்கும் காலம் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் சுருங்குகிறது; எடுக்காதவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு வாரத்தில் குணமாகிவிடுகிறது. அதற்காக ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. கவனிக்காமல் விட்டால் பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல், நல்ல காய்ச்சலோடு, டான்சிலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலித்தால் மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா, எது, எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும். சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுங்கள்.

மூவரில் யாருக்காவது மூச்சு விடச் சிரமம், எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிவது, வாயைத் திறக்க முடியாமை, சூடான உருண்டையை வாயில் அடக்கிப் பேசுவதுபோல் குரல், ஒரு பக்கம் மட்டும் பெரிதாக வீங்குவது, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரைக் கணக்கை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் படலத்தை உண்டாக்கும் தொண்டை அடைப்பான் (டிஃப்தீரியா), தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளிடம் இன்னும் தலைகாட்டுகிறது.

கடைசியாக, நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். அம்மாவோ நீங்களோ தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் எடுக்கிறீர்களா? மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்? மனநலத்துக்கு க்ளோசாபின்? இவை அரிதாக இரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். அதன் முதல் அடையாளமே பல நேரங்களில் தொண்டை வலிதான். அப்படி எடுக்கிறவர் வலி நிவாரணி எதையும் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரை உடனே தொடர்புகொண்டு, அன்றைக்கே இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி.